சுருக்கம்

பிப்ரவரியிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொட்டகையில்.
சுருக்கம் போக்கத்தான் அது என்றிருந்தேன்;
ரைலி அதை வைத்து
இறக்கைத் துணியைச் சுருங்க வைக்கிறாள்,
நூற்றிருபது டிகிரியில், விலா விலாவாக.

கசங்கிய சட்டையோடு நான்
மரமில்லுக்குப் போய்வருகிறேன்.

இடது இறக்கையில்
உருகிப்போன ஒரு முக்கோணம்:
அவள் அக்கா போன் செய்த சாயங்காலம்.
ஒட்டுப் போட்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

சோதிக்க வந்த ஹன்னுலா
விரலால் சுண்டினார். தம்மென்றது.
ஒட்டைத் தடவினார்,
காபி கேட்டார்.

ஏப்ரல். கல்லாவெசி ஏரிப் பனிக்கட்டி
இன்னும் தாங்குகிறது.
நூற்றுப் பதினைந்து கிலோ,
அவளும் பெட்ரோலும் நீங்கலாக.
வெயிலுக்குக் கோட்டைக் கழற்றியிருந்தேன்.
எழும்பியபோது கையசைக்கவில்லை,
அந்த ஒட்டையே தேடிக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்
சொன்னாள்:
முந்நூறடிக்கு மேலிருந்தும் தெரிகிறது
உன் சட்டை.