பல்ப் பூட்டாத படம்

திருமலை வீதியில் என் பிரேம் கடைக்கு
மழைக்குள் வந்தாள் சிட்லாலி,
துவாயில் சுற்றிய பதினொரு தகரத் துண்டுகளோடு.
மெக்சிக்கோக்காரி. மூன்று மாதம்
இங்கே படம் கீற வந்தவள்.
பெயருக்கு என்ன பொருள் என்றேன்.
மேலே கை காட்டினாள். கூரை ஒழுகிற்று.
கூட வந்த பெடியன் சொன்னான்:
வெள்ளி, அக்கா. வானத்து வெள்ளி.

எங்களுக்கு
வானத்தில் இருப்பதும் வெள்ளிதான்,
அம்மனுக்கு நேர்ந்த கண்மலரும் வெள்ளிதான்.
லாச்சியைத் திறந்தேன்.
போன வருடம் கண்ணாடி வெட்டும்போது
கண்ணில் தூள் பறந்து, நேர்ந்து, பிழைத்து,
இன்னும் கொண்டுபோய்க் கொடுக்காத சோடி.
தன் கண்ணில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.
அவள் கழுத்துக் கயிற்றில் ஒரு குட்டித் தகரக் கால்:
இடிந்த சுரங்கத்திலிருந்து தகப்பன்
நடந்தே வெளியே வந்ததற்கு.

தகரங்களை மேசையில் பரப்பினாள்.
மாடு முட்டிப் பிழைத்தவன்.
கிணற்றில் விழுந்து பிழைத்த பிள்ளை.
மேல் மூலையில், முகிலுக்குள்,
பிறை மிதித்து நிற்கும் கறுத்த தாய்.
அடியில் ஒரு கீலம் நன்றி எழுத்து.
மாதாவா? என்றேன். ஓம் என்றாள்.
பிறகு குனிந்து நிலத்தைத் தொட்டாள்:
அதே குன்றில் அதற்கு முதல்
வேறு பெயரோடு ஒருத்தி இருந்தாளாம்.
இதென்னகா புதினம்?
நம்முடைய கண்ணகியை
அந்தப் பக்கத்தில் பத்தினி என்று கும்பிடுகிறார்கள்.

நாகதாளியில் ஒட்டி வாழும் பூச்சியாம் அவளுடைய சிவப்பு.
காய்ந்த ஒன்றை என் கண்ணாடியில் வைத்து
நகத்தால் நசுக்கினாள்.
குங்குமம் இல்லை. இரத்தமும் இல்லை.

வைகாசியில் செட்டிபாளையத்துக்குப் போய்
குளிர்த்தி பார்த்துவிட்டு வந்தாள்.
பன்னிரண்டாவது தகரத்தில்
அவளுடைய தாயின் கையில் வேப்பிலை.

அன்றைக்குத்தான் கேட்டேன்:
பிழைத்தவர்களை மட்டும்தானா கீறுவாய்?
பெடியன் என்னைப் பார்த்தான்.
அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

செத்தவர் படமென்றால்
சந்தனம், பிளாஸ்டிக் மாலை, சிவப்பு பல்ப்.
பல்ப்புக்கு நூற்றைம்பது ரூபா கூட.
பல்ப் வேண்டாம் பிள்ளை என்று
பிரேமை மட்டும் வாங்கிப் போகிற தாய்மார் இருக்கிறார்கள்,
காசை மிச்சம் பிடிக்க அல்ல.
கல்லாவுக்கு மேலே என் தம்பி கோணேசலிங்கம்.
அவனுக்கும் நான் வயர் இழுக்கவில்லை.

தன் ஊரிலும் உண்டு என்றாள்.
எத்தனை பேரென்று விரலில் காட்டப் போய்
கையை மூடிக்கொண்டாள்.

போகிற கிழமை பதின்மூன்றாவதைத் தந்தாள்.
கல்லடிப் பாலம். காலூன்றி நிறுத்திய சைக்கிள்.
ஆளில்லை.
முகிலுக்குள் தாயும் எட்டிப் பார்க்கிறாள்,
எங்களைப் போல, தெரியாமல்.
அடியில் நன்றிக் கீலம் முழுக்கப் பூச்சிச் சிவப்பு.
ஒரு எழுத்தும் இல்லை.

கண்மலரில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.
அம்மன் கணக்கில் ஒரு கண் குறையும்.
பொறுப்பாள்.

மற்றதெல்லாம் அவளோடு போயிற்று.
இதற்கு மட்டும் தேக்குச் சட்டம் அடித்தேன்.
கண்ணாடி போடவில்லை,
எழுத வேண்டி வந்தால் என்ன செய்வது?
தூசி விழுகிறது.
வெள்ளிக்கிழமைகளில் துடைக்கிறேன்.