மூன்றரை வளையல்

சிர்கெஜி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மின்தூக்கி ஓடாத கட்டடம், இரண்டாம் மாடி.
கார்பிஸின் கடைக்கு நான் போனது
விற்கத்தான்.

முப்பத்தோரு ஆண்டு வரித்துறையில் தணிக்கை பார்த்தவள்,
காகிதம் இல்லாமல் எங்கும் போவதில்லை.
தோலுறைக்குள் பழைய ரசீது இருந்தது:
தொண்ணூற்று நாலு, மே மாதம்,
லைகா ஒன்று, லென்ஸோடு,
இரண்டு கோடியே எழுபது லட்சம் லிரா.

காலையில் வாங்காத சர்க்கரைக்கு
மாலையில் வேறு விலை என்றிருந்த வசந்தம் அது.
நெவ்சாத் சொன்னான்:
"வளையல் திருடு போகும், நோட்டு உருகும்,
ஜெர்மன்காரன் பித்தளை நிற்கும்."
ஏழு வளையலையும் கழற்றிக் கொடுத்தேன்.
ஏழாவதற்குச் சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது.

பதினாறு வருஷம் அலமாரியில்,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, கைரேகை படாமல்.
முதல் பல் விழுந்து மகள் சிரித்ததை
இரவல் பிளாஸ்டிக் கேமராவில் எடுத்தோம்.
லைகாவை வெளியே எடுத்தால் விலை குறையுமாம்.
பிறகு பிரிந்தோம். வக்கீல் முன்னால்
அதை மேசைமேல் நகர்த்தினான்: "உன் வளையலுக்கு ஈடு."
கையெழுத்துப் போட்டேன். எடை போடவில்லை.

இன்றுதான் எடை.

கார்பிஸ் லென்ஸுக்குள் டார்ச் அடித்தார்.
"லேசான மூடுபனி" என்றார்,
ஜன்னலுக்கு வெளியே கடலைச் சொல்வதுபோல.
வேகச் சக்கரத்தை ஒன்றில் வைத்து அழுத்தினார்.
உள்ளே ஏதோ ஒரு பூச்சி
கிர்ர்ரென்று நடந்து, நின்று யோசித்து,
போய்ச் சேர்ந்தது.
"ஒரு விநாடி என்று போட்டிருக்கிறது, ஒன்றே முக்கால் ஆகிறது.
எண்ணெய் காய்ந்துவிட்டது.
ஓடாமல் வைத்தால் இப்படித்தான், முயேசர் ஹனிம்."
விநாடிக்குமா பணவீக்கம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
அந்த வாரம்தான் கடை வாடகை ஏறியிருந்தது.

ஐம்பத்து நாலாயிரம் என்று சீட்டில் எழுதினார்.
நான் பேனாவைத் திறந்தேன்.

இடையில் அரசாங்கம் ஆறு பூஜ்யத்தைக் கத்தரித்தது.
ரசீதிலும் கத்தரித்தால் இருபத்தேழு லிரா:
இன்றைக்கு ஒரு தேநீர்,
எள் ஒட்டிய சிமிட் வளையம் ஒன்று,
மீதி இரண்டு.
இருபத்தேழு ஐம்பத்து நாலாயிரம் ஆனால்
இரண்டாயிரம் மடங்கு!
கடையில் யாரும் கைதட்டவில்லை.

டாலரில் போட்டேன்.
அன்று எண்ணூற்றைம்பது, இன்று இரண்டாயிரம்.
டாலரும் மெலிந்திருக்கிறதே, அதைக் கழித்து,
மூடுபனி துடைக்கும் கூலியையும் கழித்தால்
புறப்பட்ட இடம்.
முப்பது வருஷம் நின்ற இடத்திலேயே ஓடியிருக்கிறது.
அதுவும் சும்மா இல்லை.
என் ஓய்வூதியம் எவ்வளவு பின்னால் போனதென்று
எனக்குத்தான் தெரியும்.

பிறகு தங்கத்தில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.
செய்கூலி, சேதாரம் தள்ளி
மூன்றரை வளையல்.
நெவ்சாத் சொன்னது பொய்யில்லை, பித்தளை நின்றது.
தங்கம்தான் நடந்து போய்விட்டது.
அரை வளையலை எந்தக் கையில் மாட்டுவது?

"இந்த விலை மாலை ஐந்து வரைக்கும்தான்."
"இன்னொரு தடவை அழுத்துங்கள்."
பூச்சி நடந்தது. நானும் எண்ணினேன்.
ஒன்று முடிந்தபின்னும் அது முடியவில்லை.
அந்த உபரி முக்காலை
எந்தப் பத்தியில் எழுதுவது, வரவா, பற்றா?
பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"சரிபண்ண எவ்வளவு?"
"ஒரு சின்ன மோதிரம்" என்றார் கார்பிஸ்.
என் காகிதத்தைத் தலைகீழாக வாசித்திருக்கிறார்.
"ஃபிலிம் சுருள் ஒன்றும் வேண்டும்" என்றேன்.

விற்கப் போனவள்
ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

ஐந்து மணிக்குக் கடிகோய் படகு நடுக்கடலில்.
சிமிட்டில் பாதி தின்றிருந்தேன்.
மீதி அரை வளையத்தைக் கடற்காகம் ஒன்று
விரலிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.
என்ன வேகம் வைக்க வேண்டும் இதற்கு?
ஐந்நூறில் ஒன்றா,
ஆயிரத்தில் ஒன்றா?