ஐந்தாம் வேற்றுமை

உவைஸ் கிண்ணியாவிலிருந்து வருபவர்.
மீன் ஏலம் கூறிக் கூறித் தடித்த குரல்.
இடது பெருவிரல் பழுத்த தக்காளிபோல் வீங்கி,
செருப்புக்குள் போகாமல் வெளியே நின்றது.
மருந்துறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"என்ன தங்கச்சி இது,
முதல் எழுத்திலேயே கொல்லு எண்டு போட்டிருக்கு?"

கொல்ச்சிசின்.
எழுதியவள் நான்.
திருகோணமலை ஆசுப்பத்திரி மருந்தகத்தில்
மும்மொழிச் சீட்டின் நடுவரி என் பொறுப்பு.

அன்று பின்னேரம் ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கினேன்.
கொல் கோலாயிற்று.
ஊன்றி நடக்கலாம் என்று நினைத்தேன்;
கோலால் அடிக்கவும் செய்வார்கள் என்பது
அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது.
பிறகு கால்ச்சிசின்.
நோய் காலில்தானே, பொருந்தும் என்று
எனக்குள்ளே ஒரு சின்னப் பெருமை.

இரேஷா தமிழ் வாசிக்கமாட்டாள்.
எழுத்தை உருவமாகவே பார்ப்பவள்.
தட்டிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து
என் முன்னால் சேர்த்து வைத்தாள்.
கால்சியம். கால்ச்சிசின்.
"எனக்கு ரெண்டும் ஒரே படம், பவதா.
இரவு ட்யூட்டியில் கை எதை எடுக்கும்?"
பேசாமல் பேனாவை மூடினேன்.

பழைய மருந்தியல் புத்தகத்தில்
கறையான் விட்டுவைத்த பக்கத்தில் இருந்தது பெயரின் ஊர்.
கருங்கடலின் கிழக்குக் கரையில் கொல்கிஸ்.
வேர் அறிந்த பெண்களைக் கண்டு
கப்பலில் வந்தவர்கள் பயந்த நாடாம்.
ஊரின் பேரில் ஒரு பூ,
பூவின் பேரில் நஞ்சு,
நஞ்சின் பேரில் உவைஸின் குளிசை.
நடுவில் எந்த வாயிலோ
ககரம் நைந்து சகரமாகியிருக்கிறது.

நாங்களும் கிழக்குக் கரைதான்.
உட்துறைமுக வீதி முள்வேலியில்
இலைநுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கம்பியைப் பிடித்து
மழைக்குப் பிறகு ஏறுகிறது காந்தள்.
அதன் கிழங்கிலும் இதே நஞ்சு.
முதலில் இங்கே யாராவது இடித்து வடித்திருந்தால்
என்ன பெயர் வைத்திருப்பார்கள்?
மோர்பின், குவினின், ரெசர்பின்:
எல்லாவற்றுக்கும் அந்த வால்.
சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தேன்.

காந்தளின்.

எழுதிவிட்டு நின்றேன்.
தமிழில் அது முடியவில்லை.
காந்தளின் என்ன?
நிறமா, கிழங்கா, குற்றமா?
பத்தாம் வகுப்பில் ஒப்புவித்தது
எங்கோ இருந்து வந்தது, தாளம் மாறாமல்:
இன் உருபு.
நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது.

அந்தக் கார்த்திகையில்,
வற்றாளை என்று நினைத்து அவித்துத் தின்ற ஒரு வீட்டின் பிறகு
எச்சரிக்கை அறிவித்தல் தயாரித்தோம்.
பூப்படம் வேண்டாம் என்றார்கள் மேலே.
"இந்த மாதத்தில் ஏன் வீண் பிரச்சினை?"
இரேஷா நியங்கலா என்று எழுதினாள்.
அதை ஒருவரும் தொடவில்லை.
நான் கார்த்திகைக் கிழங்கு என்று எழுதினேன்.
கார்த்திகையை எடுக்கச் சொன்னார்கள்.
கலப்பைக்கிழங்கு என்று அச்சானது,
மண் ஒட்டிய இரண்டு கவர்களின் படத்தோடு.
வேலியில் பூத்திருப்பதுதான் அது என்று
பார்த்தவர்களில் எத்தனைபேருக்கு விளங்கியதோ.

உவைஸ் இரண்டாம் தடவை வந்தபோது
செருப்புக்குள் விரல் போயிருந்தது.
புது உறையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.
"கொல்கிஸின்.
இன்னும் கொல்லுத்தான் இருக்கு."
"அது ஊர்ப் பேர் நானா."
"ஊர்ப் பேரா! அப்பிடிச் சொல்லுங்க.
மூதூர் இறால், குச்சவெளிப் பாரை,
ஊரைச் சொல்லாம நான் விலை கூப்பிடமாட்டன்."
பிறகு ஏலத்தில் அடுத்த தொகைக்குக் காத்திருப்பவர்போலத்
தலையைச் சரித்தார்.
"சரி, கொல்கிஸின்... என்ன?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது.
"ஒரு நாளைக்கு ரெண்டு" என்றேன்.
"மூண்டாவது வேண்டாம்."