வளரும் இடம்

கடிதம் இரண்டே வரி.
"மேற்படி மலையில் காட்டு அதிமதுரம் உண்டா?
உண்டெனில் எவ்விடம்?"
கீழே சின்னாளபட்டி லேகியக் கம்பெனியின் முத்திரை,
பாதி மையில்.

அதிமதுரம் இங்கே முளைப்பதில்லை.
அது கப்பலேறி வருவது,
குச்சி குச்சியாய், சாக்கில்,
கச்சேரிக்காரர்களின் தொண்டைக்கு.
அந்தப் பெயரை இரவல் வாங்கி
இங்கே அலைகிற கொடி ஒன்று உண்டு.
அதைத் தேடித்தான் பட்டிவீரன்பட்டி தாண்டி ஏறினோம்
நானும், ஜீப் ஓட்டும் சேசுமணியும்,
இரண்டு பலகைக்கு நடுவே பழைய பேப்பர் அடுக்கிய
என் அழுத்துப்பெட்டியும்.

மூன்று கொண்டையூசி வளைவு வரை ஏமாந்தேன்.
ஒன்று புளியங்கன்று.
ஒன்று அவுரி.
ஒன்று என்னவென்று இன்னும் தெரியவில்லை.

புளியிலை போலத்தான் இதற்கும்,
எதிரெதிராய்ப் பதினைந்து சோடி.
நுனியில் மட்டும் ஒற்றை இலை நிற்காது;
வெறும் மயிர்முனை.
வரிசை இருக்கும்போதே
கதவைச் சாத்திய ரேஷன் கடை மாதிரி.

தடியன்குடிசைக்கு மேலே
காப்பித் தோட்டமாய் இருந்து ரிசார்ட் ஆன இடத்தில்
கம்பி வேலி.
ஏழாவது கம்பத்தில் அது.

நெற்று வெடித்து, உதடு சுருண்டு,
விழாமல் ஒட்டியிருந்தன விதைகள்.
"குன்றிமணிக்கும் குண்டியில் கறுப்பு" என்று
பழமொழியை முழுதாய்ச் சொல்லிவிட்டு
என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார் சேசுமணி.
"இதுவா மேடம் அதிமதுரம்?
இதைத்தான் எங்க பிள்ளையாருக்கு... இல்ல,
பக்கத்து வீட்டுப் பிள்ளையாருக்குக் கண்ணா வைப்பாங்க."

ஓர் இலைக்காம்பை உருவிக் கொடுத்தேன்.
விதையைத் தொடாதீர்கள், அதை மென்றால் ஆளே போய்விடும்.
இலையை மெல்லுங்கள். பொறுங்கள்.
முதலில் பச்சை. அப்புறம் புல்.
அப்புறம் ஒன்றுமில்லை.
துப்பிவிட்டு ஜீப்புக்குத் திரும்பிய மனிதர்
பாதி வழியில் நின்றார்.
இனிப்பு எப்போதும் அடித்தொண்டையில்தான் வரும்,
நாம் கணக்கை முடித்த பிறகு.

விசில் ஊதிக்கொண்டு காவலாளி வந்தான்.
சட்டையில் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது.
தன் பெயர் புத்ராம் என்றான், ஜார்க்கண்ட் என்றான்,
கொடியைக் காட்டி "ரத்தி" என்றான்.
"மன்மதன் பெண்டாட்டியா?" என்றார் சேசுமணி.
அவனுக்குப் புரியவில்லை.
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து
இல்லாத தராசு ஒன்றைத் தூக்கிப் பிடித்தான்:
தங்கம்.

அங்கேயும் இதே விதையால்தான் நிறுத்தார்களாம்.
இதே இலையைத்தான் வெற்றிலைக்குள் வைப்பார்களாம்.

வேலியெல்லாம் சுத்தம் செய்யச் சொல்லி
மேனேஜர் இரண்டு மாதமாய்க் கத்துகிறாராம்.
மற்ற கம்பங்கள் மொட்டையாய்த்தான் நின்றன.
இதை மட்டும் ஏன் விட்டாய் என்றேன்.
இந்த மலையில்
எனக்குப் பெயர் தெரிந்தது இது ஒன்றுதான் என்றான்,
அரைத் தமிழில், கொடியைப் பார்த்துக்கொண்டே.

ஒரு கிளையை வெட்டிப் பேப்பரில் விரித்தேன்.
போன வருஷத்துப் பேப்பர்.
விதைக்கு நேர் கீழே அன்றைய சவரன் விலை.
குண்டுமணித் தங்கமில்லாத என் காதில்
மலைக்காற்று வேப்பங்குச்சியை உரசியது.
பலகையை மூடி வாரை இறுக்கினேன்.

படிவத்தில் 'வளரும் இடம்' என்ற கட்டத்துக்கு
நான்கே விடைதான் தந்திருக்கிறார்கள்:
காடு, புதர், ஆற்றோரம், தரிசு.
டிக் அடிக்க ஒன்றும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
வேலி. ஏழாவது கம்பம்.
புத்ராம் விடுப்பில் போகாதவரை.

லேகியக் கம்பெனிக்குத் தனியே ஒரு வரி:
நீங்கள் கேட்ட வேர் இங்கே இல்லை.

இறக்கத்தில் நான்காவது வளைவில்
சேசுமணி தொண்டையைச் செருமினார்.
"இன்னும் போகல மேடம்."