பதினோரு வினாடி

மலருக்குப் பத்துப் பேர் வேண்டுமாம்.
தென்பக்கத்து ஹெவிவெயிட்டுகளில் ஆகப் பெரிய பத்து,
வரிசை எண்ணோடு,
வியாழனுக்குள்.
கல்லுக்கட்டிப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் அடைக்கலம்
வெள்ளைத் தாளை நீட்டிச் சொன்னார்:
"ஓரமா உக்காந்து பாத்தவரு நீங்கதானே."

ஆமாம். ஓரமாகத்தான்.
கையில் ஸ்டாப்வாட்ச், முழங்காலடியில் மணி.

முதல் மூன்றில் குழப்பமில்லை.
கோலார் லாசர். அவர் இடக்கையை எதிராளிகள் பார்த்ததில்லை,
பிறகு கேள்விப்பட்டதுதான்.
ரங்கூன் ராயப்பன், நாற்பது வயதில்
ஒரு இளவட்டத்தை மூலைக்கு மூலை நடத்திப் போனவர்.
துறைமுகம் ஜெரோம்,
குடிக்காத நாட்களில்.

நாலாவது
கடியாபட்டி வயிரவன் என்று எழுதினேன்.
எழுதியதும் பேனா நின்றது.

கணக்கு சரிதான்.
முப்பத்தொரு சண்டை, இருபத்தொன்பது வெற்றி,
ஆறு வருடம் பட்டம்.
தாடை கண்ணாடி என்பார்கள்.
அடித்ததெல்லாம் வயசாளிகளை என்பார்கள்.
லாசரோடு மோதச் சொன்னபோது
மஞ்சள் காமாலை என்று படுத்துக்கொண்டான் என்பார்கள்.
காமாலை நிஜம். கீழாநெல்லி அரைத்துக் கொண்டுபோனவன் நான்.
கால்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.
தொண்ணூற்றாறு கிலோ
ஆத்தங்குடிக் கல்லில் சத்தமில்லாமல் நகரும்.

எண்பத்தேழு, ஐப்பசி.
பள்ளத்தூரில் மழை பந்தலைப் பிய்த்துப் போட்டது.
டிக்கெட் வாங்கிய அறுநூறு பேரும்
பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குள் புகுந்தோம்.
கூடத்தில் நாலு பர்மாத் தேக்குத் தூண்,
அதில் கயிறு கட்டினால் ரிங்,
ரெண்டடி குறைவு, பரவாயில்லை.
வளவில் மழை கொட்டிய சத்தத்தில்
நடுவர் எண்ணுவது கேட்கவில்லை.
விரல்தான் தெரிந்தது.

எதிரில் சவரிராஜ்.
பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். அதற்குமுன் எட்டே சண்டை.
ஐந்தாம் சுற்றில் ஒரு வலக்கை, குட்டையாக, குறுக்கே.
வயிரவன் தூணைத் தடவிச் சரிந்தான்,
யாரோ மரியாதையாக உட்காரச் சொன்னதுபோல.

நாலு. ஐந்து. ஆறு.
மணி அடித்தால் எண்ணிக்கை நிற்கும், அது எங்கள் விதி.
முள்ளைப் பார்த்தேன்.
பதினோரு வினாடி பாக்கி.
மணியை அடித்தேன்.

மழை இருட்டு, கண் பூத்துவிட்டது, கை பதறியது
என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
இரும்புக்கடையில் பேரேடு எழுதும்போது, எனக்கே.
முள் நன்றாகத் தெரிந்தது.
அவன் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை,
அவ்வளவுதான்.

ஆறாம் சுற்றுக்கு எழுந்துவந்து
புள்ளியில் ஜெயித்தான்.
சவரிராஜ் கையுறையைத் துடைத்து ஜோடி சேர்த்து வைத்துவிட்டு
செட்டிநாடு ஸ்டேஷனில் ராத்திரி பாசஞ்சர் ஏறினான்.
அப்புறம் ரிங்குக்கு வரவே இல்லை.

புதன் சாயங்காலம் வயிரவனுக்கு ஃபோன் போட்டேன்.
செக்காலை ரோட்டில் கிரைண்டர் ரிப்பேர் கடை.
"நாலுல போட்டிருக்கேன்" என்றேன்.
"ம்."
கொஞ்சம் கழித்து:
"அன்னைக்குப் பள்ளத்தூர்ல எத்தனை?"
எத்தனை என்ன என்று நான் கேட்கவில்லை.
"பதினொண்ணு."
பின்னால் ஒரு கிரைண்டர் சுற்றி ஓய்ந்தது.
"நான் பதினாலுன்னுல்ல நெனச்சிருந்தேன்."
சிரித்தானா, இருமினானா.
"சரி வையி. ஆளு நிக்கிது."

வியாழன் காலை தாளைக் கொடுத்தேன்.
நாலில் சவரிராஜ்.
ஐந்தில் வயிரவன்.

"யாரு சாமி இது?
ஒம்பது சண்டை, அதுலயும் ஒண்ணு தோத்தது."
"ஒம்பதும் ஜெயிச்சது" என்றேன்.
அடைக்கலம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்,
பிறகு தாளை,
பிறகு அச்சக்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்:
"படம் இருக்கா?"

இல்லை.
அன்றைக்கு வந்திருந்த ஒரே கேமரா
வயிரவன் மூலையில் நின்றது.