புதன்கிழமை, ஐந்தாம் பாடவேளை

பொரளைக் கந்தோரில் மூன்றாம் மாடி.
கோப்பின் நிறம் மாம்பழ மஞ்சள்.
அரச பாடசாலைகளில் ஆதிக்குடிகளின் மொழி:
மாதிரித் திட்டம், தரம் மூன்று,
புதன்கிழமை, ஐந்தாம் பாடவேளை, நாற்பது நிமிடம்.
சிங்களத்திலிருந்து நான் தமிழாக்கவேண்டும்,
வெள்ளிக்குள்.

இருபத்திரண்டு வருடம் இதுதான் வேலை.
எனக்கென்று ஒரு கோபமும் வைத்திருக்கிறேன்,
பென்ஷனைப்போல மாதம் தவறாமல் வளர்வது.
நூற்று ஐம்பத்துநான்காம் இலக்க பஸ்ஸில்
'புகைத்தல் தடை'யில் ஒரு 'த்' விழுந்திருந்தால்
படமெடுத்து முறைப்பாடு அனுப்புகிறவள் நான்.
மொழி என்றால் எனக்கு எப்போதும்
வாங்கிய அடி.

கோப்பில் சிரிக்கவும் இடமிருந்தது.
ஆசிரியர் தகைமை: குறித்த மொழியில்
சாதாரண தரத்தில் திறமைச் சித்தி.
அப்படியொரு பரீட்சை இன்னும் பிறக்கவில்லை.
"அக்கா, விடைத்தாள் திருத்துறவருக்கு
முதல்ல ஆர் படிப்பிக்கிறது?"
பக்கத்து மேசை ஷிரோமாலா கேட்டாள்.

செவ்வாயன்று குழு கூடியது.
வாகரைப் பக்கமிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தாள்
பத்தினிப்பிள்ளை. கரையோர வேடர். என் வயது.
கூனி காயவைக்கிற கைகள்
மேசைக் கண்ணாடியில் படாமல் மடியில் கிடந்தன.
அவளுடைய தமிழை நான் சிங்களமாக்கவேண்டும்.

பணிப்பாளர் நல்ல மனிதர்,
தேநீரைத் தானே ஊற்றிக் கொடுத்தார்.
"உங்கள் மொழியில் நீருக்கு என்ன சொல்?"
கேட்டுச் சொன்னேன்.
"தண்ணி."
பேனைகள் நின்றன.
"இல்லை, உங்கள் மொழியில்."
"தண்ணிதான். எங்களிட்ட இருந்த சொல்லைக்
குடிச்சிட்டு உங்கட தண்ணி நிக்கிது."

ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்தேன்.
'உங்கட' என்பதற்குச் சிங்களத்தில் சரியான சொல் உண்டு.
அதைக் கேட்டுப் பணிப்பாளர் தலை குனிந்தார்,
அரசைச் சொன்னதாக எண்ணி.
அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.
பார்வையின் திசையை
மொழிபெயர்ப்பாளரிடம் யாரும் கேட்பதில்லை.
நானும் சொல்லவில்லை.

சடங்கில வாற சொல் கொஞ்சம் இருக்கு என்றாள் பிறகு,
அதைப் பகல்ல வாயெடுக்கக் கூடாது.
பாடசாலை பகலில்தானே, என்றார் ஒருவர்.
"அப்ப புள்ளையள் இரவைக்கு வரட்டும்."
எல்லோரும் சிரித்தோம், அவளும்.
கூட்ட அறிக்கையில் சிரிப்புக்குப் பந்தி இல்லை.

சாட்சியின் தாய்மொழி என்ற கட்டத்தில்
தமிழ் என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் கை கூசியது.
அவளுடைய பள்ளிக்கூடத்தில்
கரும்பலகை என் மொழியில் இருந்தது.
அந்தக் கரும்பலகைக்காக
ஒரு காலத்தில் யாரோ கந்தோர் கந்தோராய் ஏறியிருப்பார்,
என்னைப் போன்ற ஒருத்தி,
பிழை பொறுக்காதவள்.

வெள்ளி. கடைசிப் பக்கம்.
ஆசிரியர் பெயர் என்று போட்டு
எதிரே புள்ளிக் கோடு.
நிர்வாகத் தமிழில் அதற்கொரு சொல் வைத்திருக்கிறோம்:
வெற்றிடம்.
தட்டச்சிட்டேன். எழுத்துப் பிழை இல்லை.

பஸ்ஸில் அன்றும் 'புகைதல் தடை'.
கைப்பேசியை எடுக்கவில்லை.
செவ்வாயன்று அவள் தந்த கூனிச் சரை,
லாச்சிக்குள் மூன்று நாள் கிடந்தது,
மடியில் வைத்திருந்தேன்.
பம்பலப்பிட்டிக்கு முன்னரே
பின் சீட்டில் யாரோ
ஜன்னலைத் திறந்தார்.