விருப்ப வரிசை

இரண்டாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள்.
முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது.
நாளைக் காலை எட்டுக்குள் அனுப்ப வேண்டும்.
பகாவில் மூன்று நாளாக மழை.
மூன்று முறை துவைத்த நீல ஓவரால்
மின்விசிறிக்குக் கீழே
தலையில்லாத யாரோ போல ஆடிக்கொண்டிருக்கிறது.

விடுமுறையில் லூமுட்டில் ஏறினோம்,
குவாந்தானில் இறங்கினோம், இருபத்திரண்டு நாள்.
வாரத்துக்கு ஒரு பிரிவு என்று சுற்றவிட்டார்கள்,
யார் எதில் ஒட்டுகிறோம் என்று பார்க்க.
பெண் பார்க்கும் படலம்தான்,
என்ன, மாப்பிள்ளைக்கு நூறு மீட்டர் நீளம்.

முதல் வாரம் பிரிட்ஜ்.
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு கலங்கரை விளக்கை, ஒரு தீவின் முனையை,
பெயர் தெரியாத ஒரு மலையைப் பிடித்து
வரைபடத்தில் மூன்று கோடு இழுக்க வேண்டும்.
கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்தால் அங்கே இருக்கிறோம்.
என்னுடையவை சேரவில்லை.
"உன் ஊர் எது?" என்றார் லெப்டினன்ட்.
சொன்னேன்.
"இந்த முக்கோணத்துக்குள் உன் பகாவே அடங்கும்."
எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்
வாளியில் வாந்தி எடுத்தேன்.
கடலைக் குற்றம் சொல்ல முடியாது.
அலை அரை மீட்டர் என்று
பதிவேட்டில் எழுதியதே நான்தான்.

ஹஃபிஸா ஆசாம்போய் கொடுத்தாள்.
குவாலா பெர்லிஸ் மீனவர் மகள்.
தொடுவானத்தைப் பார், வேறெதையும் பார்க்காதே என்றாள்.
நான் பிறந்த இடத்தில் தொடுவானம் கிடையாது.
செம்பனை மட்டை,
அதற்குப் பின்னால் இன்னொரு மட்டை.

இரண்டாம் வாரம் பண்டகம்.
ஏட்டில் நூற்றுப் பதினாறு முட்டை,
கண்ணில் நூற்றுப் பதிநான்கு.
இரண்டு முட்டைக்கு இரண்டு பக்க விளக்கம் எழுதினேன்.
இது அம்மாவின் வேலை.
ஆலை வாசலில் லாரி எடைமேடை, பதினேழு வருடம்:
பழத்தோடு ஓர் எடை, இறக்கிவிட்டு ஓர் எடை.
இருபது கிலோவுக்குக் குறைந்தது எதுவும்
அந்தத் தராசுக்குத் தெரியாது.
அம்மாவுக்குத் தெரியும்.
பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்ததும்
"மூணு கிலோ போச்சு" என்றார்.

மூன்றாம் வாரம் கீழே.
சன்னல் இல்லை. காதடைப்பான். கழுத்து வழியே வியர்வை.
வாந்தி நின்றுபோனது, ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.
தியோமானுக்குக் கிழக்கே, ஓர் அதிகாலை மூன்று மணிக்கு
சத்தம் நின்றது.
படுக்கைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்தோம்.
பிந்தாரா ரொஸ்லான் என் கையில் டார்ச்சைத் திணித்தார்.
அங்கே இல்லை, இங்கே. இன்னும் கீழே. ஆடாதே.
எரிபொருள் வடிகட்டியில்
கருவாட்டுக் குழம்பின் அடிபோல ஒரு பிசுக்கு.
அவர் விரல் போகும் இடத்துக்கு முன்னால்
என் வெளிச்சம் போகத் தொடங்கியது எப்போதென்று
எனக்கு ஞாபகமில்லை.
பதினொரு நிமிடம் நூறு மீட்டர் இரும்பு
எங்கும் போகாமல் மிதந்தது.
பிறகு ஒரு இருமல், இன்னொரு இருமல்,
பிடித்துக்கொண்டது.
அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை,
டார்ச்சைத் திரும்பக் கேட்டார்.
கொடுக்க எனக்கு மனமில்லை.

அம்மா பாரத்தைக் கை நீட்டிப் படிக்கிறார்.
"எதுல சம்பளம் கூட?"
எல்லாத்திலேயும் ஒண்ணுதான்.
"பீரங்கி இல்லையா?" என்கிறான் தம்பி.
இந்த முறை இல்லை.
அவன் எழுந்து போய்விட்டான்.
"இஞ்சின்ல பொம்பளைங்க எத்தனை பேரு?"
ரெண்டு. போன மாசம் ஒரு வாரம் மட்டும் மூணு.

மழைக்குள்ளிருந்து ஆலைச் சத்தம்.
பத்தொன்பது வருடமாக அது ஓடுவதை
நான் கேட்டதே இல்லை.
இப்போது அதில் ஓர் இழை தனியே அழுகிறது.
"அம்மா, ரெண்டாவது லைன்ல பேரிங் போகப்போகுது."
"போன வாரமே சொல்லிட்டாங்க. சாமான் வரல."

கீழிருந்து தொடங்கினேன்.
மூன்றாவது கட்டத்தில்: பண்டகம்.
அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.
"அது ஏன் கடைசி?"

முட்டை எண்ணப் பொறுமை இல்லை என்றேன்.
பாதிப் பொய்.
பேனா இரண்டாவது கட்டத்தைத் தாண்டி
மேலே போய்விட்டது.